தேயிலை மலைகளில் ஒரு தமிழ் மரபு

கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மேலேறத் தொடங்கியதும், இருமருங்கும் தேயிலைப் பசுமை விரிகின்றது. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் ஹட்டன் நகரும், 6,000 அடிக்கு மேல் நுவரெலியாவும் அமைந்துள்ளன. டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள் இவ்விரு நகரங்களுக்கும் இடையிலும் அயலிலும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அப்பசுமையின் நடுவே முதுகில் கூடை தொங்கக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவத்தை உலகம் நன்கறியும். தேயிலைப் பொட்டலங்களின் மீது அவ்வுருவம் எத்தனையோ நாடுகளுக்குச் சென்றுள்ளது. ஆயினும், அவள் வணங்கும் தெய்வம் எது, அவள் தாய் பாடிய தாலாட்டு எது, மாசி மாதத்து இரவில் அவள் விழித்திருந்து காணும் கூத்து எது என்பவற்றை அயலிலுள்ள தமிழரே முற்றாக அறிந்தாரில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழர் அவளை இந்தியர் என்றனர். தமிழகத்தார் சிலோன்காரர் என்றனர். இவ்விரு பெயர்களுக்கும் நடுவே தனக்கெனத் தனி மரபொன்றை வளர்த்துக்கொண்ட சமூகமே மலையகத் தமிழர் சமூகம்.

இம்மக்களின் முன்னோர் முதலில் தேயிலைக்காக வந்தவரல்லர், கோப்பிக்காக வந்தவர். 1820-களில் ஆங்கிலேயர் கம்பளைப் பகுதியில் பெருந்தோட்டக் கோப்பிச் செய்கையைத் தொடங்கியபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். பாக்குநீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், காட்டு வழியே கால்நடையாக மாத்தளையை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் பெரியம்மையும் மலைக்காய்ச்சலும் அவ்வழியில் எத்தனையோ உயிர்களைக் கொண்டன. கோப்பிப் பழம் ஆண்டிற் சில மாதங்களே ஆய்வதற்குரியது. ஆதலால், பருவம் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். மறு பருவத்தில் மீண்டும் வந்தனர்.

இந்நிலையை மாற்றியது ஓர் இலைநோய். 1869-ஆம் ஆண்டு தோன்றிய அந்நோய் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் கோப்பிச் செய்கையை அழித்துவிட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலையோ கோப்பியைப் போன்றதன்று. ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. வாரத்துக்கு ஒருமுறையேனும் கொழுந்தெடுக்காவிடின் முற்றிப்போவது. ஆகவே ஆண்கள் மட்டும் வந்துபோகும் முறை போதாதாயிற்று. பெண்களும் பிள்ளைகளும் வந்து நிலையாகத் தங்கவேண்டியதாயிற்று. இம்மக்களை இலங்கையிற் குடியமர்த்தியது தேயிலைச் செடியே எனலாம். சட்டம் அவர்களைக் குடிகளென ஏற்பதற்கோ பின்னும் நெடுங்காலம் சென்றது.

வந்தவர்கள் கையிற் கொண்டுவந்த பொருள் அதிகமில்லை. நெஞ்சிற் கொண்டுவந்தது மாரியம்மனை. வைசூரிக்கும் மழைக்கும் உரிய அத்தெய்வத்தை, நோய் மலிந்த காட்டு வழியில் நடந்தவர்கள் எவ்வளவு உருக்கத்தோடு அழைத்திருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும். அவ்வழி மலைநாட்டுள் நுழைந்த மாத்தளையிலே முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது. அங்கு மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. 1983-ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது அக்கோயில் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. தோட்டங்களிலோ, முதலில் ஒரு மரத்தடியில் நட்ட கல்லே மாரி. பின்னர் தகரக் கூரை. அதன் பின்னரே மடாலயமும் கோபுரமும். கரகம் பாலித்தல், பாற்குடம், முளைப்பாரி, மாவிளக்கு, காவடி, தீமிதிப்பு என்பன யாவும் தமிழகத்துச் சிற்றூர்களில் உள்ளவையே. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். தமிழகத்தில் ஆடி மாதம் அம்மனுக்குரியது. ஹட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் ஆடி என்பது தென்மேற்குப் பருவமழை மலையையே கரைப்பதுபோற் கொட்டும் காலம். ஆதலின் தோட்டத்துத் திருவிழாக்கள் பெரும்பாலும் மழை ஓய்ந்த மாதங்களை நாடின. பஞ்சாங்கத்தை மழைக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளத் தயங்காத பக்தி அது. திருவிழாச் செலவும் தோட்டத்துக்கே உரிய முறையில் திரட்டப்படுகின்றது: ஒவ்வொருவர் சம்பளத்திலும் குறித்த தொகை பிடிக்கப்பட்டுக் கோயிற் கணக்கிற் சேரும்.

ஊரிலிருந்து வந்த தெய்வங்களான முனியாண்டி, மதுரைவீரன், மாடசாமி, சங்கிலிக்கருப்பன் ஆகியோருடன், ஊரில் எவரும் அறியாத தெய்வங்கள் சிலவும் இங்கே பிறந்தன. தேயிலைச் செடியை முறையாக வெட்டிக் கழிக்கும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். கூரிய கத்தியோடு செங்குத்தான சரிவில் நின்று செய்யும் ஆபத்தான வேலை அது. அவ்வேலை தொடங்குமுன் வழிபடப்படுபவர் கவ்வாத்துச் சாமி. கொழுந்து வளம் பெருக வேண்டி மலையிலேயே பூசை பெறுபவர் கொழுந்துச் சாமி. எல்லாவற்றினும் வியப்புக்குரியவர் ரோதை முனி. ரோதை என்பது சிங்களத்திலிருந்து வந்த சொல். சக்கரம் என்று பொருள்படும். தேயிலைத் தொழிற்சாலையின் பெருஞ்சக்கரங்களிலும் பட்டிகளிலும் கைகால்களை இழந்தோர் உண்டு. அவ்வியந்திரத்துக்குள் ஒரு முனி உறைகின்றார் என்று கருதி, தொழிலாளர் அவருக்குப் பலியிட்டு வழிபட்டனர். ஆங்கிலேயர் கொண்டுவந்த இரும்பை, சிங்களப் பெயரால் அழைத்து, தமிழ்நாட்டு முனியின் வரிசையில் அமர்த்திய இச்செயலை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அச்சம் தரும் புதிய பொருளொன்றைத் தம் உலகுக்குள் இழுத்துவந்து, அதனோடு பேசப் பழகிய அறிவை அதில் காண்பதே பொருத்தமாகும்.

மொழியிலும் இதே கலப்பினைக் காணலாம். வீட்டு வரிசை லயம்; ஆங்கிலச் சொல்லின் திரிபு. அதிலுள்ள அறை காம்பிரா, போர்த்துக்கேயச் சொல். கொழுந்து நிறுக்கும் கொட்டில் மடுவம், சிங்களச் சொல். தேயிலை நிற்கும் நிலப்பகுதி ஒவ்வொன்றும் மலை. கொழுந்தெடுப்போர் செல்லும் வரிசை நிரை. காலையில் ஆட்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடம் பெரட்டுக்களம். தோட்டத்தை ஆள்பவர் துரை. அவருக்கு அடுத்தவர் சின்னத்துரை. அவர்களுக்குக் கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிநிலை. இச்சொற்களுள் ஆழ்ந்த பொருளுடையது பேர் என்பது. ஒருவர் முழுநாள் வேலை செய்து, குறித்த அளவு கொழுந்தும் கொடுத்தால், அவருக்கு அன்று பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். பதிவேட்டில் பெயருக்கு நேரே அடையாளமிடும் வழக்கத்தினின்று இச்சொல் பிறந்திருத்தல் வேண்டும். அரைநாட் கூலிக்கு அரைப்பேர் என்று சொல்லிவந்த ஒரு மக்கள் கூட்டம், அச்சொல்லின் கசப்பை உணராமலா சொல்லியிருக்கும்?

லய வாழ்க்கை பற்றி நீளக் கூறவேண்டுவதில்லை. 10 அடி அகலமும் 12 அடி நீளமுமான ஒரு காம்பிரா, முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. அதற்குள் ஒரு குடும்பம். புகைக்கூண்டு இல்லாத அடுப்பு, அதிகாலையில் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், பாலில்லாச் சாயத் தேநீரும். உலகச் சந்தைக்கு நல்ல தேயிலையை அனுப்பியவர்கள் குடித்தது பெரும்பாலும் தூள் தேயிலையே. இவ்வளவு நெருக்கத்திலும் சடங்குகள் கைவிடப்படவில்லை. பெண் பிள்ளை பருவமடைந்தால், தாய்மாமன் வந்து குச்சுக் கட்டவேண்டும் என்பது முறை. முற்றமே இல்லாத லயத்திலே குச்சு எங்கே கட்டுவது? காம்பிராவின் ஒரு மூலையைச் சேலையால் மறைத்துக் குச்சு என்றனர். முறை நின்றது, இடம் சுருங்கியது. மரண வீட்டிலோ, லயம் முழுவதுமே ஒரு குடும்பமாகிவிடும். பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க, இளைஞர் குழி வெட்டச் செல்வர்.

பொங்கலும் தீபாவளியும் இங்கே கொண்டாடப்படுகின்றன. இவற்றுள் தீபாவளியே பெரிது. நெல்வயலும் கதிரறுப்பும் இல்லாத இடத்திலே அறுவடைத் திருநாள் சற்று மெலிவது இயல்பே. தீபாவளிக்கோ தோட்டம் முற்பணம் கொடுக்கும். அம்முற்பணத்தைக் கொண்டே ஆண்டுக்கொருமுறை புதுத்துணி வாங்குவதும், பின்னர் மாதந்தோறும் சம்பளத்தில் அதனைக் கழித்துக்கொள்வதும் தோட்ட வாழ்வின் ஒழுங்காயின.

மலையகத்தின் கலைச்செல்வம் முழுவதும் திரண்டு நிற்பது அதன் கூத்துகளிலேயாகும். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து என்பன அவற்றுள் தலையாயவை. அருச்சுனன் தபசில், பாசுபதம் வேண்டித் தவஞ்செய்யும் விசயன் உயர்ந்த மரத்தின் மீது பாடிக்கொண்டே ஏறுவான்; கீழே நிற்போர் அண்ணாந்து பார்த்து நிற்பர். பொன்னர் சங்கர் கொங்கு நாட்டுக் கதை. அண்ணன்மார் இருவர் படுகளத்தில் வீழ்வதும், தங்கை தங்காள் வந்து எழுப்புவதும் அதன் உச்சம்.

காமன் கூத்தோ ஒரு தோட்டத்தை முழுமையாகத் தன்வயப்படுத்துவது. மாசி மாத அமாவாசை கழிந்து பிறை தோன்றும் நாளையொட்டிக் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் வேடம் புனைவோர் விரதம் காப்பர். மன்மதன், ரதி, ஈசுவரன், வீரபத்திரன், தூதன், எமன், குறவன் குறத்தி எனப் பாத்திரங்கள் பல. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்பது மரபு. பழைய கொப்பிகளில் எழுதப்பட்ட பாடல்களை வைத்துக்கொண்டு, வாத்தியார் அல்லது மாஸ்டர் எனப்படும் ஒருவர் பகல் வேலை முடிந்த பின் இரவுதோறும் பயிற்சியளிப்பார். இக்காலத்தைத் தேர்ந்ததிலும் ஒரு நுட்பம் உண்டு. தை, மாசி மாதங்களில் மேற்குச் சரிவுத் தோட்டங்களில் மழை குறைவு. வறண்ட காற்று வீசும். கொழுந்தின் அளவும் குறையும். தேயிலை வணிகருக்கு அது தரமான தேயிலை கிடைக்கும் பருவம். கூத்தாடுவோருக்கு அது வானம் தெளிந்த இரவுகள் கிடைக்கும் பருவம்.

கதை யாவரும் அறிந்ததே. தவத்தில் அமர்ந்த சிவனை எழுப்புமாறு தேவர்கள் மன்மதனுக்கு ஓலை அனுப்புகின்றனர். ரதி தீய கனவு கண்டு அஞ்சுகின்றாள், போகவேண்டாமெனத் தடுக்கின்றாள். அவன் போகின்றான், மலர்க்கணை தொடுக்கின்றான், நெற்றிக்கண் திறக்க எரிகின்றான். இறுதி இரவில், கூத்தர் லயம் லயமாகச் சென்று ஆடி, விடியுமுன் கம்பத்தடிக்கு வருவர். பார்ப்போரும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதில்லை. பந்தங்களின் ஒளியிலே கூத்தோடு கூடவே நடப்பர். காமன் எரியுண்டபின் ரதி பாடும் புலம்பல் தொடங்கும். அப்போது கண்ணீர் விடாத பெண்கள் அரியர். அவ்வழுகை ரதிக்காக மட்டும் எழுந்ததன்று எனக் கூறுவோர் உளர். கட்டளையிட்டவர் வானுலகில் இருக்க, ஓலையைப் பெற்றுச் சென்றவன் சாம்பலானான் என்னும் கதை, கங்காணி நீட்டிய துண்டினை நம்பிக் கடல் கடந்தோரின் வழித்தோன்றல்களுக்கு வேறொரு கதையையும் நினைவூட்டாமல் இராது. மூன்றாம் நாள் உயிர்ப்பித்தல் என்னும் சடங்கு நிகழும்; மன்மதன் எழுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தென்படுவான்.

தமிழகத்திலும் இக்கதை ஆடப்படுகின்றது, பாடப்படுகின்றது. தஞ்சைப் பகுதியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு பிரிவினராக அமர்ந்து, காமன் எரிந்தானா இல்லையா என வாதிடும் லாவணி புகழ்பெற்றது. அங்கே அறிவின் விளையாட்டாக வளர்ந்த கதை, மலையகத்தில் ஓர் ஊரே சேர்ந்து நோற்கும் நோன்பாக நிலைத்தது.

இக்கூத்துக்கு உயிர் தப்பு என்னும் பறையே. வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டி, தீயிலே காய்ச்சி, இரு குச்சிகளால் அடிப்பது அது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் வெவ்வேறு அடி. தோட்டத் துரைமார் இதற்கு இன்னொரு தொழிலையும் வைத்தனர். விடியுமுன் இருளில் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக்கு அழைக்கவும் தப்பே முழங்கிற்று. பிற்காலத்தில் அவ்விடத்தைத் தொழிற்சாலைச் சங்கு எடுத்துக்கொண்டது. தப்படிப்பது குறித்த சாதியார் தொழில் என்னும் இழிவும் கடல் கடந்தே வந்தது. அதனால் அவ்வாத்தியத்தைக் கையால் தொட மறுத்த இளைஞர் ஒரு தலைமுறையில் இருந்தனர். அதனையே தம் மக்களின் அடையாளமாக மேடையேற்றிய இளைஞர் மறு தலைமுறையில் தோன்றினர். மறுத்தோர் செயலிலும் நியாயம் இருந்தது என்பதை மறத்தலாகாது.

வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தோரில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914-இல் வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த இவர், கவிஞரும் தொழிற்சங்கவாதியுமாவார். 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தோட்டந்தோட்டமாகக் கேட்டறிந்த பாடல்களை அவர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக்கினார். நூல் 1983-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தாலாட்டும் கும்மியும் தெம்மாங்கும் ஒப்பாரியுமாக விரியும் அப்பாடல்களில், கடந்துவந்த கடலும், கங்காணியின் கடனும், கொழுந்து நிறுப்பவரின் வஞ்சகமும் இடம்பெறுகின்றன. ஏட்டில் எழுதப்படாத வரலாறு அப்பாடல்களிலேயே இருந்தது. பின்னர் சாரல்நாடன், மாத்தளை வடிவேலன் போன்றோரும் இத்துறையில் உழைத்தனர்.

அவ்வரலாறு அழியக்கூடிய நிலை ஒருமுறை வெகு அருகில் வந்தது. 1947-இல் இம்மக்கள் தம் வாக்கால் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. எண்கள் காகிதத்தில் எளிதாகப் பிரிந்தன. லயத்திலோ அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மறு பட்டியலிலும் வந்தனர். ரதி வேடம் கட்டியவன் நீலகிரிக்குச் செல்ல, மன்மதன் மஸ்கெலியாவில் தங்கிய தோட்டங்களும் இருந்திருத்தல் கூடும். சென்றவர்களிற் பலர் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கங்களில் மீண்டும் தேயிலைக்கே திரும்பினர். தமிழக அரசு தாயகம் திரும்பியோருக்கென 1968-இல் அங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலை, 2003-ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தீர்வுக்கு வந்தது.

மலாயாவுக்கும் பீஜித் தீவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் சென்ற தமிழரோடு இம்மக்களை ஒப்பிடுவது வழக்கம். காவடியும் தீமிதிப்பும் அங்கெல்லாம் உள்ளன. ஆனால் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றரே. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊர் போய்வருதல் நெடுங்காலம் இயல்வதாக இருந்தது. அதனால் ஊர்ப் பாடல்கள் மங்குமுன்னரே புதுப்பிக்கப்பட்டன. மலையக மரபின் செறிவுக்கு இதுவே தலையாய காரணம் எனத் தோன்றுகின்றது. அதே அண்மைதான், இவர்கள் இந்நாட்டவரல்லர் என்று வாதிட்டோருக்கும் வாய்ப்பாயிற்று.

2023-ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வருகையின் 200-ஆம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தே சென்றனர். கம்பளைக்கு அருகிலுள்ள ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லயமொன்று அருங்காட்சியகமாகியுள்ளது. அம்மியும் கம்பளியும் கவ்வாத்துக் கத்தியும் தப்பும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. தோட்டத்து இளைஞரிற் பலர் இன்று கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கின்றனர். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் மலையேறுகின்றனர். இரவுதோறும் நிகழவேண்டிய கூத்துப் பயிற்சிக்கு அவர்களைத் திரட்டுதல் வாத்தியாருக்கு எளிதாக இல்லை. பாடசாலை விழாக்களிலும் நகர மண்டபங்களிலும் காமன் கூத்தின் சில காட்சிகள் ஆடப்படுவதுண்டு. இரவு முழுவதும் நடந்த கூத்து அங்கே அரை மணிக்குள் அடங்குகின்றது. பார்ப்போர் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். காமன் எரிவதோடு திரை விழுந்துவிடும். மூன்றாம் நாட் சடங்கு மேடைக்கு வருவதில்லை. அதற்குத் தோட்டத்துக் கம்பத்தடிக்கே போகவேண்டும்.